மூன்றாம் நம்பர் பலகை

பஞ்சாட்சரத்தின் நெல் கிடங்கில் ஒரு படகு தலைகீழாகத் தொங்கியது. நாற்பத்திரண்டு அடி நீளம். அதை மதராஸிலிருந்து கொண்டுவந்த நாளில், முன்பக்கத்தைத் தாங்கிய மாட்டுவண்டி உத்திரமேரூர் கடைத்தெருவில் அவிழ்த்துவிடப்பட்டு மாடுகள் அசைபோடத் தொடங்கிவிட்டன. பின்பக்கத்தைத் தாங்கிய வண்டி அப்போதுதான் செங்கல்பட்டில் அச்சாணிக்கு மை போட்டுக்கொண்டிருந்தது என்று ஊரில் சொல்வார்கள். ஊர் என்ன ஊர், சொன்னது பஞ்சாட்சரமேதான். கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். ஆனால் படகு நீளம்தான், அதில் பொய் இல்லை.

கல்லூரிப் படகு அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் பஞ்சாட்சரம் மதராஸில் படித்த காலத்தில் அடையாற்றில் துடுப்புப் பந்தயம் நடக்கும். கல்லூரிக்கு ஒரு படகு, படகுக்கு நாலு துடுப்பு, துடுப்புக்கு ஒரு ஆள், பின்முனையில் சுக்கான் கயிற்றைப் பிடித்துக்கொள்ள ஐந்தாவதாக ஒரு ஒல்லிப்பிச்சான். முன்முனையிலிருந்து எண்ணி ஒன்றாம் பலகை, இரண்டாம் பலகை என்று இடத்துக்கு நம்பர் உண்டு. பஞ்சாட்சரம் இரண்டு. மூன்றாம் பலகையில் காவாந்தண்டலத்துத் தாண்டவராயன், பத்தொன்பது வயது. இரண்டு பேரும் ஒரே மாட்டுவண்டியில் ஒரே புளிச்சோற்று மூட்டையோடு பட்டணம் போனவர்கள்.

தாண்டவராயன் அந்த ஆற்றில் செத்துப்போனான். எப்படிச் செத்தான் என்பதைப் பஞ்சாட்சரம் அறுபத்தாறு வருஷமாகச் சொல்லிவந்தார். வெள்ளைக்காரத் துரைமாரின் படகை முந்திக்கொண்டு போகும்போது, கரையில் நின்ற ஒரு துரையின் குழந்தை ஆற்றில் விழுந்ததாம். துடுப்பை விட்டுவிட்டுத் தாண்டவராயன் குதித்தானாம். குழந்தையைக் கரையில் எறிந்துவிட்டு அவன் மூழ்கினானாம். கவர்னர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றாராம். முதலில் ஒரு குழந்தைதான் விழுந்தது. சுதந்திரம் வந்த வருஷத்தில் அது இரட்டைக் குழந்தையாயிற்று. பிறகு ஒரு நாய்க்குட்டியும் சேர்ந்து விழுந்தது. கடைசியாகச் சொன்னபோது அடையாற்றில் ஒரு முதலையும் வந்துவிட்டது.

தாண்டவராயனின் தம்பி மகன் பச்சமுத்து, ஐம்பது வயதுக் குடியானவன். வேடிக்கைப் பேச்சு எதையும் நம்பாதவன், இந்த முதலையை மட்டும் நம்பினான். தான் பிறப்பதற்கு முன்பே போன பெரியப்பாவுக்கு வருஷா வருஷம் கார்த்திகையில் வீட்டில் படையல் போடுவான். படையல் முடிந்ததும் முதல் இலை பஞ்சாட்சரத்துக்கு. அவர் வடையைப் பிட்டுக்கொண்டே கவர்னரின் தொப்பியைக் கழற்றுவார். பச்சமுத்துவின் கண் நிறையும்.

உண்மை வேறு. அதைச் சொல்ல ஒரே ஒரு ஆள்தான் மிச்சம், அவரும் சொன்னதில்லை.

பந்தயத்துக்கு முந்தின நாள் அது, வெறும் பயிற்சி. மாலையில் வானம் உடைந்து ஊற்றியது. படகு மணல்திட்டில் தட்டி நின்றது. எல்லோரிலும் உயரமான தாண்டவராயன் தண்ணீரில் இறங்கி விளிம்பில் தோள்கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தான். அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு: சுக்கான்காரன் குரல் கொடுத்ததும் முன்முனையிலிருந்து ஒவ்வொருவராகத் தன் நம்பரைச் சொல்ல வேண்டும். நாலும் வந்தால்தான் அவன் ‘இழு’ என்பான். மற்றவர்கள் நம்பரை இங்கிலீஷில் சொல்வார்கள். இந்த இரண்டு பட்டிக்காட்டுப் பிள்ளைகள் மட்டும் ‘ரெண்டு’, ‘மூணு’ என்றுதான் சொல்வார்கள். பழக்கிய துரை மூன்று மாதம் திட்டிப்பார்த்து, தொண்டை கட்டி, விட்டுவிட்டார்.

அன்றைக்கும் குரல் வந்தது. ‘ஒன்’ வந்தது. பஞ்சாட்சரம் ‘ரெண்டு’ என்றார். அதே மூச்சில் ‘மூணு’ என்றும் அவர் நாக்கே சொல்லிவிட்டது.

வேண்டுமென்று சொல்லவில்லை. மூன்று வருஷமாக வகுப்பில் தாண்டவராயன் தூங்க, பஞ்சாட்சரம்தான் அவனுக்கும் சேர்த்து வருகை சொல்லிவந்தார். தன் பெயருக்கு ஒரு குரல், அவன் பெயருக்கு ஒரு குரல். ஒரே மண்ணின் பேச்சு, எந்த வாத்தியாருக்கும் பிரித்தறிய முடியவில்லை. சுக்கான்காரனுக்கும் முடியவில்லை. நாலாம் பலகையில் நெல் குதிர்போல ஒருவன் உட்கார்ந்து மறைத்ததால் சுக்கான்காரனுக்கு முன்னால் எதுவும் தெரியாது, மழை வேறு. ‘ஃபோர்’ வந்தது. ‘இழு’ என்றான். இரண்டே இழுப்பு. மூன்றாம் துடுப்பு இழுபடாமல் படகு ஒருபக்கம் திரும்பியபோதுதான் தாண்டவராயன் ஏறவே இல்லை என்று தெரிந்தது. தேடிப் பார்த்தபோது மணல்திட்டின்மேல் மழை மட்டும் இருந்தது.

அதன்பின் அந்தப் படகில் யாரும் ஏறவில்லை. மூங்கில் கொட்டகையில் கிடந்ததைப் பத்து வருஷம் கழித்துப் பஞ்சாட்சரம் கேட்டு வாங்கி வந்தார். ஏன் என்று கேட்டவர்களுக்கு, நண்பனின் ஞாபகம் என்றார். அதைவிட்டு வந்தால் அது தேடிக்கொண்டு வரும் என்ற பயம்தான் காரணம். வருஷா வருஷம் கீல் பூசி, புங்க எண்ணெய் தடவிவந்தார்; பெண்டாட்டிக்குக்கூட அவர் அவ்வளவு எண்ணெய் வாங்கித் தந்ததில்லை.

அது சும்மா தொங்கவில்லை. அறுப்பு முடிந்து கிடங்கில் நெல் அளப்பார்கள். ஒன்று என்று சொல்லக்கூடாது என்பதால் முதல் மரக்காலுக்கு ‘லாபம்’ என்பார்கள். அடுத்தது ‘ரெண்டு’. அளக்கிறவன் அடுத்த மரக்காலைச் சரிக்குமுன், மேலே கவிழ்ந்திருக்கும் படகின் வயிற்றுக்குள்ளிருந்து ‘மூணு’ என்று வரும். பயமுறுத்துகிற குரல் அல்ல. வகுப்பில் தூங்கி எழுந்தவன் சொல்வதுபோல இருக்கும். அதனால்தான் கேட்டவனுக்கு முதுகு சில்லிட்டது. முதல் வருஷம் அளக்க வந்தவன் மரக்காலோடு ஓடியதில், மரக்கால் மட்டும் காவாந்தண்டலத்தில் கிடைத்தது. போகப்போகப் பழகிவிட்டது. ‘மூணு மேல இருக்கறவரு சொல்லுவாரு, நீ நாலுலருந்து புடி’ என்று புது ஆளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பஞ்சாட்சரம் மட்டும் பழகவில்லை. அவர் வாயில் அந்த எண் வந்ததே இல்லை. கல்யாணத்துக்குக்கூட இரண்டு முடிச்சு அவர் போட்டார், அதற்கு அடுத்த முடிச்சை அக்காள் போட்டாள். மூன்றாவதாகப் பிறந்த மகள் சுலோச்சனாவை ‘ரெண்டாவதுக்கு அடுத்தது’ என்றே அறிமுகம் செய்வார். அந்தச் சுலோச்சனாதான் புருஷனை இழந்தபின் அவரோடு இருந்து, அவருக்குச் சோறும் வசவும் போட்டுவந்தாள்.

எழுபத்தேழாம் வருஷம் கார்த்திகையில் ஏரி நிறைந்தது. நிறைந்தது என்றால், கடல் வழி தவறி உத்திரமேரூருக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளலாம். கலங்கல் வழிந்தது, வயல் மறைந்தது, மீன்கள் பஸ் நிலையத்தில் செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருந்தன. ஏரியின் மேற்குக் கோடியில் பனைமேடு என்று ஒரு திட்டு. அங்கே நாலு குடிசை. மற்றக் குடிசைக்காரர்கள் முதல் நாளே மார்பளவுத் தண்ணீரில் நடந்து வந்துவிட்டார்கள். காசியின் மகள் ஜெயம்மாவால் வரமுடியவில்லை. நிறைமாதம். அவளோடு தாய் கங்கம்மாளும் தங்கிவிட்டாள். காசியும் அவன் தம்பி சுப்ரமணியும் ஏரிக்கரையில் மணல்மூட்டை போடப் போயிருந்தவர்கள், திரும்புவதற்குள் நடுவில் தண்ணீர் ஆளை மூழ்கடிக்கும் ஆழமாகிவிட்டது.

தீயணைப்புப் படகு வருகிறது என்று தாலுகா ஆபீசில் காலையில் சொன்னார்கள். மத்தியானமும் அது வந்துகொண்டே இருந்தது. இரண்டு மணிக்குக் காசி நனைந்த கோணியோடு பஞ்சாட்சரத்தின் வாசலில் நின்றான். பனைமேட்டில் இனி ஒரு குடிசை அகலம்தான் மேடு பாக்கி என்றான். காலையிலிருந்து ஜெயம்மாவுக்கு இடுப்பு வலி, கங்கம்மாள் சேலையை ஆட்டி ஆட்டிக் காட்டுகிறாள் என்றான். படகைக் கேட்டான்.

பஞ்சாட்சரம் வழக்கம்போல ஒரு கதையை எடுக்கப் பார்த்தார். படகின் அடியில் ஓட்டை, துடுப்பை எலி தின்றுவிட்டது, வெள்ளைக்காரனின் உத்தரவு வேண்டும். சுலோச்சனா உள்ளேயிருந்து வந்து, வருஷா வருஷம் ஒரு பீப்பாய் எண்ணெய் ஓட்டைக்கா ஊற்றினீர்கள் என்று கேட்டாள். அவர் கிடங்குச் சாவியை எடுத்து நீட்டினார். எண்பத்தாறு வயதில் அவர் ஒரு கதையைப் பாதியில் விட்டது அதுதான் முதல் தடவை.

சாமி புறப்பாட்டுக்குத் தோள்கொடுக்கும் ஆட்கள் எட்டுப் பேர் வந்து படகை இறக்கினார்கள். பல்லக்குபோலத் தோளில் ஏற்றி, கடைத்தெரு வழியாக ஏரிக்கரைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தண்ணீரில் இறக்கியதும் எட்டுப் பேரும் எட்டுத் திசைக்குப் பின்வாங்கினார்கள். தூக்கச் சொன்னீர்கள் தூக்கினோம், ஏற மாட்டோம் என்றார்கள்.

சுப்ரமணி முன்முனையில் ஏறினான். அண்ணன் மகள் அங்கே இருக்கிறாள், வேறு பேச்சில்லை. இரண்டாம் பலகை எங்கள் குடும்பத்து இடம் என்று சொல்லிச் சுலோச்சனா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஐம்பத்திரண்டு வயது, நெல் மூட்டையை ஒரு கையால் நகர்த்துகிறவள். அவளைத் தடுக்க ஏரிக்கும் தைரியம் இல்லை. பச்சமுத்து வந்து நாலாம் பலகையில் அமர்ந்தான். பெரியப்பாவின் படகு, நான் ஏறாமல் யார் ஏறுவது என்றான். மூன்றாம் பலகை காலியாக இருந்தது. மழைத்துளி எல்லாப் பலகையையும் நனைத்தது. அந்த ஒன்று மட்டும், ஆள் உட்கார்ந்திருக்கிற அளவுக்கு, காய்ந்திருந்தது.

காசி அதைப் பார்த்தான்.

“எம் பொண்ணு அந்தாண்ட கீறா,” என்றான். “பேயி மடியில உக்காந்துக்கினு போறதுன்னாலும் போறேன்.”

உட்கார்ந்துவிட்டான்.

பின்முனைச் சின்னப் பலகையில் பஞ்சாட்சரத்தைத் தூக்கி வைத்தார்கள். சுக்கான் கயிறு இரண்டும் அவர் கையில். துடுப்பு போடுகிறவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவதா என்று சுப்ரமணிக்கு ஆச்சரியம். அப்படித்தான், நீங்கள் வந்த வழியைப் பாருங்கள், போகிற வழியை நான் பார்க்கிறேன் என்றார் பஞ்சாட்சரம். கண்புரை விழுந்த கண்ணால் அவருக்கு எதிரே பச்சமுத்துவின் அகலமான உடம்புதான் தெரிந்தது. அன்றைக்கு நாலாம் பலகையில் நெல் குதிர்போல ஒருவன் இருந்தானே, கிட்டத்தட்ட அதே அளவு.

நம்பர் சொல்லும் வழக்கத்தை அவர் விளக்கினார். தன் வாயால் எதையும் எண்ணாமல், வரிசையாகச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார். சுப்ரமணி ‘லாபம்’ என்றான், நெல் அளக்கிற பழக்கம். ‘ரெண்டு’ என்றாள் சுலோச்சனா. ‘மூணு’ என்று காசியின் கரகரத்த பீடிக் குரல் வந்தது. அறுபத்தாறு வருஷத்தில் முதல் முறையாக அந்த எண்ணை உயிருள்ள ஒருவன் அந்தப் பலகையிலிருந்து சொன்னான். ‘நாலு’ என்றான் பச்சமுத்து. ‘இழு’ என்றார் பஞ்சாட்சரம்.

முதல் நூறு கெஜம் படகு நண்டுபோலப் போனது. துடுப்போடு துடுப்பு மோதியது. சுலோச்சனாவின் துடுப்பு சுப்ரமணியின் முதுகில் இரண்டு முறை விசாரித்தது. பிறகு நாற்று நடவின் தாளத்தைச் சுலோச்சனா வாய்விட்டு எடுத்துக்கொடுக்க, நாலு துடுப்பும் ஒன்றாக விழுந்தன. அப்புறம் அது போன வேகத்தில் கொக்குகள் பின்தங்கின என்று பஞ்சாட்சரம் பின்னாளில் சொன்னார். பாதியையாவது நம்பலாம். காசி துடுப்பு பிடித்தறியாதவன். ஆனால் அவன் துடுப்புதான் எல்லாவற்றிலும் சுத்தமாக நீரில் இறங்கி ஏறியது. தான் இழுக்காமலே அது போகிறதென்று அவன் மெல்லச் சொன்னான். மற்றவர்கள் துடுப்பை இன்னும் வேகமாகப் போட்டார்கள்.

பனைமேட்டில் குடிசைகள் சரிந்திருந்தன. ஒரு பனை அடியில் கங்கம்மாள் மகளை மடியில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கணுக்கால்வரை தண்ணீர். இரண்டு பேரையும் படகின் நடுவில் ஏற்றிவைத்தார்கள். ஜெயம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கங்கம்மாள், வந்ததுதான் வந்தீர்கள், இன்னும் ஒரு ஏரி நிறைந்தபின் வந்திருக்கலாமே என்று புருஷனிடம் கேட்டுவிட்டு, அழுதாள். பிறகு ஒரு சட்டியை எடுத்து, படகில் ஊறிய நீரை இறைக்கத் தொடங்கினாள்.

புறப்படப் பார்த்தால் படகு அசையவில்லை. பனைமேட்டைச் சுற்றி ஆடு புகாமல் இருக்கப் போட்டிருந்த முள்வேலி தண்ணீருக்குள் மறைந்திருந்தது. அடிப்பலகை அதில் மாட்டிக்கொண்டது. மழை சாய்ந்து அடித்தது, எதிரே கை நீட்டினால் கை தெரியவில்லை. முன்னாலே ஏதோ பேச்சு, ஒரு தடவை படகு ஆடியது, பிறகு லேசாக மிதந்தது. பஞ்சாட்சரம் சுக்கான் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு குரல் கொடுத்தார்.

‘லாபம்.’

‘ரெண்டு.’

‘மூணு.’

‘நாலு’ என்று பச்சமுத்து சொல்லி, துடுப்பை நீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தான். இழு என்ற சொல் பஞ்சாட்சரத்தின் பல்லில்லாத வாயின் விளிம்புவரை வந்துவிட்டது.

மூன்றாவதாக வந்த குரலில் பீடி இல்லை. இருமல் இல்லை. அந்தக் குரலுக்குப் பத்தொன்பது வயது.

“யாரும் இழுக்காதீங்க,” என்றார். “காசி எங்க?”

பச்சமுத்து, பின்னால்தானே இருக்கிறான், இப்போதுதானே சொன்னான் என்றான். திரும்பிப் பார்த்தான். பலகை காலி. காசி படகைத் தூக்கிவிட இறங்கியிருந்தான். படகு மிதந்தபோது அவன் வேட்டியும் காலும் முள்ளில் சிக்கி, விளிம்புக்குக் கீழே போய்விட்டான். விளிம்பைப் பிடித்த நாலு விரல் மட்டும் தண்ணீருக்கு மேலே வெளுத்துத் தெரிந்தது. ஒரு இழுப்பு இழுத்திருந்தால் படகு அவன்மேல் ஏறியிருக்கும். சுப்ரமணி தாவிக் குதித்தான். சுலோச்சனா காசியின் குடுமியைப் பிடித்தாள். அந்தப் பிடி விட்டிருந்தால் குடுமிதான் அவள் கையில் வந்திருக்கும், ஆள் வந்திருக்கமாட்டான். வேட்டியை முள்ளுக்குக் கொடுத்துவிட்டு, கிழிந்த காலோடு காசி படகுக்குள் வந்து விழுந்தான். தண்ணீரைக் கக்கினான். துடுப்பைப் பிடித்தான். ஜெயம்மா நீளமாக ஒரு முறை முனகினாள்.

பஞ்சாட்சரம் மறுபடி குரல் கொடுத்தார்.

லாபம் வந்தது. ரெண்டு வந்தது. காசியின் கரகரத்த ‘மூணு’ வந்தது. அதன் மேலேயே, அதே பலகையிலிருந்து, தூங்கி எழுந்த இன்னொரு ‘மூணு’ வந்தது.

இந்தத் தடவை எல்லோரும் கேட்டார்கள். கங்கம்மாள் இறைப்பதை நிறுத்தினாள். பச்சமுத்துவின் வாயில் நாலு வரவில்லை. சுப்ரமணி, போய்விடலாம் பெரியவரே, எப்படியாவது போய்விடலாம் என்றான். பஞ்சாட்சரம் கயிற்றை விடவில்லை. படகில் நாலு துடுப்பு, ஐந்து குரல்; எது யாருடையது என்று தெரியாமல் இந்த மழையில் இழு என்று சொல்ல அவரால் முடியாது. ஒரு முறை ஒரு சுக்கான்காரன் அப்படிச் சொன்னான். அந்தத் தப்பு அவனுடையது அல்ல என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். நல்லதாக ஒரு பொய் இருந்தால் அந்த நேரத்தில் சொல்லியிருப்பார். தேடிப்பார்த்தார். கவர்னர், குழந்தைகள், நாய்க்குட்டி, முதலை ஒவ்வொன்றாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின.

“பச்சமுத்து,” என்றார். “உங்க பெரியப்பன் எந்தக் கொயந்தையையும் காப்பாத்தல. எறங்கி படகத் தள்ளிக்கினு இருந்தான். அவன் நம்பர நான்தான் சொன்னேன்.”

பச்சமுத்து அவரையே பார்த்தான். அவர் மிச்சத்தையும் சொன்னார். வகுப்பு, நாக்கு, இரண்டு இழுப்பு, மணல்திட்டு. கூட்டாமல் குறைக்காமல் சொன்னதால் சீக்கிரம் முடிந்துவிட்டது. அறுபத்தாறு வருஷம் நீட்டிய கதை, கங்கம்மாள் நாலு சட்டி இறைக்கும் நேரத்துக்குள் தீர்ந்தது. சொல்லும்போது, அந்த நாளுக்குப் பின் முதல் தடவையாக அந்த எண்ணை அவர் வாயால் சொன்னார். சொல்லிவிட்டு மூன்றாம் பலகைப் பக்கம் முகத்தைத் திருப்பி, யாருக்கென்று தெரிகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு குரல் கொடுத்தார்.

சுப்ரமணி சொன்னான். சுலோச்சனா சொன்னாள். காசி சொன்னான். காசியின் குரல் மட்டும், தனியாக. அதற்கு மேலே மழைச் சத்தம்தான்.

நாலாவது வரவில்லை.

பச்சமுத்துவின் இரண்டு கையும் துடுப்பின்மேல் இருந்தன. அவன் கிழவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அங்கே அவர்கள் இருவர் முகமும் ஒரு முழத் தூரத்தில், படகின் அமைப்பே அப்படி. பார்க்காமல் இருக்க முடியாது. மாமா என்று கூப்பிட்டு முதல் இலை போட்டது எத்தனை வருஷம் என்று அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான் எனப் பஞ்சாட்சரத்துக்குத் தோன்றியது. அவன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்றும் தோன்றியது. ஆனால் ஜெயம்மாவுக்கு நேரமில்லை.

காசி பின்னாலிருந்து சொன்னான்: “அண்ணே, எம் பொண்ணு.”

“நாலு,” என்றான் பச்சமுத்து.

திரும்பி வந்த வேகத்தைப் பற்றிப் பஞ்சாட்சரம் பின்னாளில் ஒன்றும் சொன்னதில்லை. கரையில் மாட்டுவண்டி நின்றது. தூக்கி ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்கள். வண்டி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போதே குழந்தை பிறந்துவிட்டது, பெண், நர்ஸ் கையை நீட்டியதும் அவளையே முறைத்தது என்று கேள்வி. பாட்டி கங்கம்மாளைக் கொண்டு பிறந்தது.

இங்கே கரையில் ஒருவர் மட்டும் படகைவிட்டு இறங்கவில்லை. சுலோச்சனா கையை நீட்டினாள், பிறகு திட்டினாள், பிறகு கெஞ்சினாள். சுக்கான் பிடித்தவன் கடைசியில்தான் இறங்கவேண்டும், அதுதான் முறை என்றார் பஞ்சாட்சரம். எல்லோரும் இறங்கிவிட்டார்களே என்றாள் அவள். அவர் விளிம்பைக் காட்டினார். ஏழு பேரில் ஆறு பேர் இறங்கியபின்னும் படகு தண்ணீரில் அமுங்கியே இருந்தது. ஒற்றைக் கிழவரின் எடைக்கு அது அதிகம். நடுவில், மூன்றாம் பலகைக்கு நேரே, அது லேசாக ஒருபக்கம் சாய்ந்திருந்தது, ஆள் உட்கார்ந்து எங்கே போவதென்று தெரியாமல் கரையைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல.

மழை பெய்தது. படகு தூக்கிய எட்டுப் பேரும் தூரத்தில் நின்றார்கள். அவர் காத்திருந்தார்.

பச்சமுத்து கரைமேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தவன், நின்றான். திரும்பி இறங்கி வந்தான். இடுப்பளவுத் தண்ணீரில் படகின் நடுப்பக்கம் போனான். பஞ்சாட்சரத்தின் பக்கம் பார்க்கவே இல்லை. காலியான பலகையை நோக்கிக் கையை நீட்டினான். சின்னப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அவனுக்கு ஐம்பது, அவன் பெரியப்பாவுக்குப் பத்தொன்பது.

“எறங்கு பெரிப்பா,” என்றான். “வூட்டுக்குப் போலாம்.”

படகு இரண்டு விரல் அளவு மேலே எழும்பியது. விளிம்பிலிருந்து ஒரு சின்ன அலை புறப்பட்டுக் கரையில் போய்த் தட்டியது.

பச்சமுத்து கரைமேல் நடந்தான். அந்தப் பக்கம் கரை ஒற்றை ஆள் நடக்கிற அகலம்தான்; அவன் கெட்டித் தரையை விட்டுவிட்டுச் சேற்றோரமாக நடந்தான். தலைமேல் போட்டிருந்த கோணியைப் பிரித்து, தன் மேல் பாதியும், பக்கத்திலிருந்த வெற்றிடத்தின் மேல் பாதியுமாகப் பிடித்துக்கொண்டான். ஏதோ பேசிக்கொண்டே போனான். என்ன பேசினான் என்று கேட்கவில்லை. காவாந்தண்டலம் போகும் பாதை திரும்புகிற இடத்தில்கூட அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

சுலோச்சனா தண்ணீரில் இறங்கிப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னும் யார்னா கீறாங்களா நைனா?” என்று கேட்டாள்.

அவர் காதைக் கொடுத்துக் கேட்டுப்பார்த்தார். படகின் பலகைகளில் மழை விழுந்துகொண்டிருந்தது, நாலு பலகையிலும் ஒரே மாதிரி.

“இல்ல,” என்றார். “நான் மட்டுந்தான்.”

கையை நீட்டினார்.